பதினேழு நாள்

கப்பலூர் தாண்டி ஒரு பண்ணை.
பால் மாதிரி எடுக்கப் போயிருந்தேன்.
செத்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்து
நான்கு குச்சிகளில் நிறுத்தியிருந்தார்கள்.
பசு அதை நக்கிக்கொண்டிருந்தது.
நக்க நக்க
மடி சுரந்தது.
லாக்டோமீட்டர் இருபத்தெட்டு காட்டியது.
நல்ல பால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
என் சம்பளமே அந்தக் கையெழுத்துதான்.

சாயங்காலம் செல்லூரில் வண்டியை நிறுத்தி
பால் வேண்டாம், வரக்காப்பி என்றேன்.
"சுகரா தம்பி?" என்றார் மாஸ்டர்.
ஆமாம் என்றேன்.
வியாதி என்றால் உடனே ஒதுங்கி வழிவிடுகிறது ஊர்.
சீனியும் போடாமல் கொடுத்தார்.
பொய்யின் விலை, குடித்தேன்.

இதற்கு ஒரு சொல் இருக்கிறது.
நனிசைவம்.
ஆபீசில் சொல்லிப் பார்த்தேன்.
நாகரத்தினம் சார் விபூதி மடலை நீட்டினார்.

ஐந்தாம் நாள் ராத்திரி
பிரிட்ஜைத் திறந்துவைத்து நின்றேன்.
தயிர்ச் சட்டி.
ஆடையில் ஒரு கீறல் இல்லை.
அந்த நேரத்தில் என்னைப் பிடித்து இழுத்தது
பண்பாடுமில்லை பரம்பரையுமில்லை,
வெறும் புளிப்பு.
கரண்டியை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்,
"தண்ணியா வேணும்?" என்று
தூக்கத்திலிருந்து கேட்டாள் மயிலரசி.

அப்புறம் எஸ்.எஸ். காலனியில் வீடு பார்க்கப் போனோம்.
கேட்டில் பலகை: சைவம் மட்டும்.
நான் பால்கூடத் தொடுவதில்லை சார் என்றேன்,
கொஞ்சம் பெருமையாகத்தான்.
அவர் கேட்டது வேறு.
"சொந்த ஊர்?"
சொன்னேன்.
"அட்வான்ஸ் வாங்கிட்டோமே தம்பி."
படியிறங்கும்போது உள்ளே
நெய் உருகும் வாசம்.

அன்றைக்கு அரைக் கிலோ கறி வாங்கினாள் மயிலரசி.
மிளகை அவள் தட்டிய தட்டில்
கீழ்வீட்டு நாய் குரைத்தது.
"அவங்க முகஞ்சுளிக்கிறத
நீயா தட்டுலருந்து எடுத்து வைக்கிற.
நாளைக்கு அவங்க சொன்னது சரின்னு ஆயிரும்."
பசுவைப் பற்றி, கன்றைப் பற்றி,
குச்சிக் கால்களைப் பற்றிச் சொன்னேன்.
கேட்டாள்.
"பாவம்தான்" என்றாள்.
"உன் பாலிடெக்னிக் பீசைக் கட்டினது
ரெண்டு எருமை. அதையும் நெனச்சுக்க."
அடுப்பை அணைத்தாள்.
எனக்கு மட்டும் தனியாக
கத்திரிக்காய் வதக்கியிருந்தாள்.

பதினேழாம் நாள்
கருமாத்தூரில் அக்கா மகளுக்குக் காதுகுத்து.
தாய்மாமன் நான்.
சீரோடு கிடாயும் என் கணக்கு,
தை மாசமே வாக்குக் கொடுத்தது.
டாட்டா ஏஸிலிருந்து நான்தான் இறக்கினேன்.
கயிறு உள்ளங்கையில் சூடாக இருந்தது.
கழுத்து மாலையை அது தின்றுகொண்டிருந்தது,
சாமந்தி, சாமந்தியாக.

தண்ணீர் தெளித்தார்கள்.
துளுக்கியது.
"உத்தரவு குடுத்துருச்சு!" என்றது கூட்டம்.
ஈரம் பட்டால்
யாருக்குத்தான் சிலிர்க்காது.

என் மடியில் பிள்ளை.
ஊசி ஏறியதும் வீறிட்டது.
என் சட்டையை இறுக்கிப் பிடித்த
அந்தச் சின்னக் கை
யாரிடமிருந்து யாரிடம் ஓடிவந்தது என்று தெரியவில்லை.

பந்தியில் முதல் இலை எனக்கு.
அக்கா பெருமாயி தானே வந்து
சுவரொட்டியை வைத்தாள்.
பத்து வருசம் பேசாதிருந்து
போன வருசம்தான் பேச ஆரம்பித்தவள்.
வைத்துவிட்டு நகரவில்லை.
இடுப்பில் கை.
இந்த இலையை மூடினால்
எதை மூடுவேன் என்று
அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்
அந்தக் கிடாய்க்கு மட்டும் தெரியாது.

தின்றேன்.
ருசியாக இருந்தது.
இதை மட்டும்
யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் செல்லூர்.
தோற்றவன் போல நின்றேன்,
பால் டீ என்று வாயெடுப்பதற்குள்
மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டார்.
"சுகர் கொறஞ்சிருக்கா தம்பி?"
பதிலுக்குக் காத்திராமல்
பால் சட்டியைத் தள்ளிவைத்து
சின்ன கிளாஸில் வரக்காப்பி ஊற்றினார்.
என்னை இவ்வளவு நம்பிய ஒரே ஆள்.

கசந்தது.
வாங்கிக்கொண்டேன்.